வருஷ அட்டைக்காரர்

உலகத்தில் கஞ்சர்கள் உண்டு, ஊதாரிகள் உண்டு. இரண்டு பேரைப் பற்றியும் போதுமான அளவுக்கு எழுதியாகிவிட்டது. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. கஞ்சர் செலவே செய்யமாட்டார். ஊதாரி யோசிக்காமல் செலவு செய்வார். இந்த மூன்றாமவரோ, மிச்சம் பிடிப்பதற்காகவே செலவு செய்வார். செலவு எவ்வளவு என்று கேட்டால் அவருக்கு நினைவிருக்காது. மிச்சம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பைசா சுத்தமாகச் சொல்வார்.

நான் இவருக்கு வைத்திருக்கும் பெயர் வருஷ அட்டைக்காரர். டப்ளினில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் சம்பளப் பிரிவில் பதினாறு வருஷமாக நாற்காலி தேய்த்துக்கொண்டிருப்பவள் நான். இந்த இனத்தை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் சம்பளப் பிரிவுக்காரர்களுக்கும், அட்டைக்காரர்களைக் கட்டிக்கொண்ட மனைவிமார்களுக்கும்தான் வாய்க்கும்.

அட்டை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனியே ரயில்காரர்களிடமிருந்து உங்கள் பேரில் ஒரு வருஷத்துக்கான பயண அட்டையை வாங்கிக் கொடுக்கும். அதன் விலையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். வரி போடுவதற்கு முன்னாலேயே பிடித்துவிடுவதால் அந்தத் தொகைக்கு வரி கிடையாது. கொஞ்சம் கனமான சம்பளமாக இருந்தால் அட்டை கிட்டத்தட்டப் பாதி விலைக்கு வந்து விழும். நல்ல திட்டம். தினமும் ரயிலேறி வேலைக்கு வருகிறவர்களுக்கு அரசாங்கம் மனமுவந்து செய்கிற உதவி. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். உப்பு நல்லது என்பதற்காக உப்பையே சோறாகப் பிசைந்து சாப்பிடுகிறவரைப் பற்றித்தான் இப்போது பேச்சு.

வருஷ அட்டைக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். மழை கொட்டுகிற காலையில், ரயில் தாமதம் என்று அறிவிப்பு வந்து, நடைமேடை முழுக்க உச்சுக் கொட்டி, கைபேசியை எடுத்து மேலதிகாரிக்கு மன்னிப்புக் கேட்டு, அரசாங்கத்தையும் வானத்தையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் சப்பணம் போடாத குறையாக பெஞ்சில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றிக்கொண்டிருப்பார். அவர்தான். ரயில் நடுவழியில் இருபது நிமிஷம் நின்றுவிட்டால் இன்னும் விசேஷம். "அதே காசுக்கு இருபது நிமிஷம் கூட உக்கார வெச்சிருக்கான்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வார். பக்கத்து இருக்கைக்காரர் மறுநாள் முதல் வேறு பெட்டியில் ஏறுவார்.

அவருடைய சட்டைப்பை மீது கண் வையுங்கள். மணிக்கு நாலு தடவை வலது கை அங்கே போய்வரும். நெஞ்சு வலி இல்லை. அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்.

கம்பெனியில் யாராவது புதிதாகச் சேர்ந்தால், அந்தப் பிள்ளைக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று யாராவது காட்டுவதற்கு முன்னால் இவர் போய் நின்றுவிடுவார்.

"ரயிலுக்கு எப்படிக் காசு குடுக்கறீங்க?"

"அன்னன்னிக்கு டிக்கெட் எடுக்கறேன் சார்."

"வரி கட்டின காசுலயா?"

எந்தக் காசு என்று அந்தப் பிள்ளை அதுவரை யோசித்திருக்காது. சம்பளமாக வந்த காசு, அவ்வளவுதான் தெரியும். இவர் ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து நிற்பார், துக்க வீட்டில் நிற்பதைப் போல. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அன்று காலை அந்தப் பிள்ளைக்கு வேலை நடக்காது.

எங்கள் கம்பெனியின் வருஷ அட்டைக்காரர் ஃபின்டன் கெரட்டி. வயது ஐம்பத்து நாலு. இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை. ஊர், வடக்கே கடலோரத்தில் இருக்கிற ஸ்கெரீஸ். தங்கமான மனுஷர், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பிறந்தநாள் கேக் வெட்டினால் கடைசித் துண்டை அடுத்தவருக்கு விடுவார். யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நின்று கைகொடுப்பார். அதுவும் ரயில் போகிற ஊராக இருந்தால் கண்டிப்பாகப் போவார்.

பெருந்தொற்றுக் காலம் முடிந்ததும் கம்பெனி, இனி வாரத்தில் இரண்டு நாள் ஆபீசுக்கு வந்தால் போதும், மற்ற மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றது. ஊரே கும்பிட்டு வாங்கிக்கொண்டது. ஃபின்டன் ஐந்து நாளும் வந்தார். வீட்டில் இருந்தால் அட்டை சும்மா கிடக்குமாம். எங்கள் மாடியில் ஆள் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும் விளக்குகள். திங்கள், வெள்ளிகளில் அந்தப் பெரிய கூடத்தில் அவர் ஒருவர்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இருட்டாகும். அவர் கையைத் தூக்கி ஆட்டுவார். வெளிச்சம் வரும். கோரிக்கையைப் படிப்பார். மறுபடி இருட்டாகும்.

நான் சும்மா இருக்கக் கூடாதா? ஒருநாள் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்து, வந்த அன்றைக்குச் சாதாரண டிக்கெட் எடுத்தால், வரிச் சலுகை எதுவுமே இல்லாமல்கூட அவருடைய பாதி விலை அட்டையைவிடக் குறைவாகத்தான் ஆகும். காகிதத்தில் சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று படித்தார்.

"கணக்கு சரியாத்தாம்மா இருக்கு," என்றார். "ஆனா இதுல மிச்சம்னு ஒரு வரியே இல்லையே."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மூரில் சொல்வார்கள். சுமைகூலிக்கு வரிவிலக்கு உண்டென்றால் ஃபின்டன் இரண்டு மூட்டை சுண்டைக்காய் வாங்குவார்.

சரி, சனி ஞாயிறாவது மனுஷர் வீட்டில் இருப்பாரா என்றால், அட்டைக்குச் சனி ஞாயிறு கிடையாது. அது முந்நூற்று அறுபத்தைந்து நாளும் செல்லும். சனிக்கிழமை டப்ளினுக்கு வந்து, ஆற்றோரம் ஒரு நடை நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அட்டை செல்லுபடியாகிற எல்லை வரைக்கும், அதாவது தெற்குக் கோடியில் இருக்கிற கிரேஸ்டோன்ஸ் வரைக்கும் போய், அங்கே இறங்கினால் இறங்குவார், மழையாக இருந்தால் அதே இருக்கையில் உட்கார்ந்தபடி திரும்பி வருவார். மனைவி மஜெல்லா ஒரு தடவை தானும் வருவதாகச் சொல்லிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஃபின்டன் வாசலில் நின்று யோசித்தாராம்.

"உனக்குப் போக வர டிக்கெட் எடுத்தா இன்னிக்கு மிச்சம் அடிபட்டுப் போயிடுமே," என்றாராம்.

மஜெல்லா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். இதை எனக்குச் சொன்னவளே அவள்தான். போன அக்டோபர் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, சம்பளப் பிரிவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கிறிஸ்துமஸ் விருந்துகளில் இரண்டு மூன்று தடவை பார்த்துப் பேசிய பழக்கம். ஸ்கெரீஸில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை. இரண்டரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"கண்ணு, எனக்கு ஒரு உதவி பண்ணுவியா?" என்றாள். "இந்த வருஷம் அவரோட அட்டை ஃபாரம் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு."

"தொலைக்கிற பழக்கம் இங்க இல்லையே."

"அப்போ எலி தின்னுடுச்சுன்னு சொல்லு. எலியாவது இருக்கா?"

விஷயம் இதுதான். ஸ்கெரீஸ் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஃபின்டனுக்கு வேலை கொடுக்கிறோம் என்றிருந்தார்கள். ஜனவரியில் சேர வேண்டும். சம்பளம் ஏறக்குறைய இதே சம்பளம். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அடுத்த வருஷத்து அட்டைக்கான படிவத்தைச் சம்பளப் பிரிவில் கொடுக்கக் கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமைதான்.

"இது யோசிக்கிற விஷயமா?" என்றேன்.

"அவரு யோசிக்கறாரு. காலைல ஆறு நாப்பதுக்குக் கிளம்பிப் போறாரு, ராத்திரி ஏழு பத்துக்கு வராரு. இந்த ஊர் குளிர்காலத்துல போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் எனக்கு இருட்டுலதான் புருஷன். சனி ஞாயிறு என்ன ஆவுதுன்னு உனக்குத் தெரியும். பத்தொம்பது வருஷம், கண்ணு. பகல் வெளிச்சத்துல அவரு மூஞ்சியப் பாக்கணும், அவ்வளவுதான் நான் கேக்கறது. முடியெல்லாம் நரைச்சுப் போச்சாமே, எங்க அக்கா சொல்றா. அவ பகல்ல ரயில்ல பாத்தாளாம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதத்தை எலிக்குப் போடுவது சம்பளப் பிரிவுக்கு அழகல்ல. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் ஃபின்டன் வந்தார். ஒரு கையில் சங்கத்தின் கடிதம், மறு கையில் நிரப்பிக் கையெழுத்துப் போட்ட அட்டைப் படிவம். வருஷா வருஷம் படிவம் வெளியான முதல் நாளே கொடுத்துவிடுகிற மனுஷர், இந்தத் தடவை கடைசி வாரம் வரை கையிலேயே வைத்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

"நேரா விஷயத்துக்கு வரேம்மா," என்றார். "இங்க எனக்கு வருஷத்துக்கு எண்ணூறு யூரோ மிச்சம். சரியா?"

"சரி."

"அங்க?"

"அங்க ரயிலே இல்லையே. நடந்து போகப் போறீங்க."

"அதான் கேக்கறேன். மிச்சம் எவ்வளவு?"

"செலவே இல்லையே ஃபின்டன்."

"செலவு இல்லைன்னு தெரியுது. மிச்சம்?"

கணக்கைப் பாடமாக எடுத்துப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். செலவே இல்லாத இடத்தில் எதை மிச்சம் பிடிப்பது?

"மிச்சம் ஒண்ணுமில்லை," என்றேன்.

"பாத்தியா," என்றார், என்னைத் தோற்கடித்ததில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. "எண்ணூறு எங்க, ஒண்ணுமில்லாதது எங்க. மனசார நானும் போகலாம்னுதான் பாக்கறேன். கணக்கு விடமாட்டேங்குதே."

"அந்த எண்ணூறை மிச்சம் பிடிக்க உங்க கைக்காசு எழுநூத்துச் சொச்சம் போகுதே, அது?"

"மிச்சம் பிடிக்கணும்னா கொஞ்சம் செலவு பண்ணித்தாம்மா ஆகணும்," என்றார், குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு.

படிவத்தை என் மேசையில் வைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மஜெல்லா உன்கிட்ட ஏதாவது பேசினாளா?"

"பேசினாங்க. உங்களை வெளிச்சத்துல பாக்கணுமாம்."

என் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மணி மூன்றரைதான். மேகமூட்டத்தில் அதற்குள்ளேயே மங்க ஆரம்பித்துவிட்டது.

"எனக்கும் அவளைப் பாக்கணும்னு ஆசைதான்," என்றார். "அதுக்கு ஏதாவது திட்டம் இருக்கா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. இந்த இனம் இந்த விஷயத்தில் கிண்டல் செய்யாது. இல்லை என்று தலையாட்டினேன். அவர் போனதும் படிவத்தை எடுத்தேன், அனுப்புகிற தட்டில் வைக்கப் போய், டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அனுப்பினாலும் அதே அட்டைதான் வரப்போகிறது. சம்பளப் பிரிவுக்கும் நெஞ்சு என்று ஒன்று உண்டு.

வியாழக்கிழமை காலையில் மஜெல்லா மறுபடி கூப்பிட்டாள். ராத்திரி முழுக்க அழுதிருப்பாள் போலிருக்கிறது, குரல் கட்டியிருந்தது. ஆனால் அழுகிற ஜாதி இல்லை என்பதால் ஜலதோஷம் என்றாள்.

"ஏன் கண்ணு, நடந்து வேலைக்குப் போறவனுக்கு இந்த கவர்மென்ட் ஒண்ணுமே குடுக்காதா?"

"நடக்கறவங்களுக்கு இல்லை. சைக்கிள்ல போனாத்தான் உண்டு."

அந்த நேரத்தில் என் வாயில் ஒரு உருண்டை சோற்றை அடைத்திருக்கலாம்.

"சைக்கிளா?" என்றாள். குரலில் ஜலதோஷம் போய்விட்டது. "அது என்ன?"

விவரம் சொன்னேன். முதலாளியே சைக்கிள் வாங்கிக் கொடுப்பார், விலையை வரிக்கு முன்னால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார், அட்டை மாதிரியேதான். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கலாம். தலைக்கவசம், விளக்கு, பூட்டு எல்லாம் அதில் சேர்த்தி. அவளுக்கு அதற்குமேல் கேட்கப் பொறுமை இல்லை. சங்கத்துக்குப் போன் போட்டு, உங்களிடம் சைக்கிள் திட்டம் உண்டா என்று விசாரித்து, உண்டு என்று தெரிந்ததும், சாயங்காலம் ஏழு பத்து மணி ஆகட்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபின்டன் என் மேசைக்கு முன்னால் மூச்சிரைக்க நின்றார்.

"ஏம்மா, ஃபாரத்தை அனுப்பிட்டியா?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு. குடு." வாங்கி நாலாகக் கிழித்தார். "மஜெல்லா சொல்றா, அங்க சைக்கிளுக்குப் பாதி விலைதானாம். இருபத்து நாலு கியர். கவசம், விளக்கு, பூட்டு எல்லாத்துக்கும் சலுகை. மழைக்கோட்டுக்கு உண்டான்னு தெரியலை, கேக்கணும்."

பத்து நிமிஷ நடைக்கு இருபத்து நாலு கியர் எதற்கு என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஒரு நல்ல காரியம் நடக்கும்போது கேள்வி கேட்கிற அசட்டுத்தனம் எனக்கு இல்லை. டிசம்பரில் கேக் வெட்டி, கைகொடுத்து, கடைசித் துண்டை எனக்கு விட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் என்னை ரொம்ப மெச்சிக்கொண்டேன். ஒரு குடும்பத்துக்குப் பகல் வெளிச்சத்தை வாங்கிக் கொடுத்தவள் என்று.

மார்ச் ஆரம்பத்தில் மஜெல்லா வீட்டுக்கு வரச் சொன்னாள். ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். லீவு நாளில் அவ்வளவு தூரமா என்று என் வீட்டில் கேட்டார்கள். அட்டைதான் இருக்கிறதே, போகாவிட்டால் வீண்தானே?

சமையலறையில் மேசைக்கு அருகில் உட்கார வைத்து, தேநீரும், வீட்டில் சுட்ட ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள். ஜன்னல் வழியாக நல்ல வெயில் வந்துகொண்டிருந்தது. ஐந்து மணி அடித்தது. சங்கம் சாத்துகிற நேரம். இன்னும் பத்து நிமிஷத்தில் மனுஷர் வந்துவிடுவார் என்று மூன்றாவது கோப்பையைத் தேடினேன். மேசையில் இரண்டுதான் இருந்தன.

"ஃபின்டனுக்கு?"

"அவரு ஏழு ஏழேகால் ஆவும்."

"ஏன், அங்கயும் வேலை ஜாஸ்தியா?"

"வேலையெல்லாம் அஞ்சு மணிக்கு முடிஞ்சிடுது. சைக்கிள் விடமாட்டேங்குது." ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "சங்கத்துக்கும் வீட்டுக்கும் முக்கால் கிலோமீட்டர். அவ்வளவு பெரிய சைக்கிளை அதுக்கு மட்டும் ஓட்டினா ஒரு கிலோமீட்டர் என்ன விலை ஆவுதுன்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டாரு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை."

"அப்போ சனி ஞாயிறு ஓட்டட்டுமே. நீங்களும் கூடப் போங்க."

"கூடாதாம். வேலைக்குப் போறதுக்கும் வர்றதுக்கும்தான் சலுகைன்னு போட்டிருக்காம். ஞாயித்துக்கிழமை எடுத்தா வரிக்காரனை ஏமாத்தின மாதிரியாம். அதனால எல்லாக் கிலோமீட்டரையும் போற வழியிலயும் வர்ற வழியிலயும்தான் ஓட்டியாகணும். காலைல இருட்டோட கிளம்பி பால்பிரிகன் வரைக்கும் போயிட்டு வந்து சங்கத்துக்குப் போறாரு. சாயங்காலம் ரஷ், லஸ்க்னு ரெண்டு ஊரைச் சுத்திட்டு வீட்டுக்கு வராரு. சனி ஞாயிறு எங்கயும் போறதில்லை, அதையும் சொல்லணும். தொடைல ஐஸ் பையை வெச்சுக்கிட்டு தலையோட போத்திக்கிட்டுக் கிடக்கறாரு."

பெரும்பாலும் வேலைக்குப் போய்வரப் பயன்படுத்த வேண்டும் என்றுதான் விதி. பெரும்பாலும். அந்த ஒரு சொல்லை ஃபின்டன் படித்திருக்க மாட்டாரா? படித்திருப்பார். ஆனால் பாதி விலைக்குக் கொடுத்தவனிடம் 'பெரும்பாலும்' என்று சொல்லிக்கொண்டு நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்திருக்கும். வரி இலாகாவே இவ்வளவு கறாராக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"நாலு வருஷம். அப்புறம் புது சைக்கிளுக்கு எழுதிக் குடுக்கலாமாம்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இரு, எந்திரி. இங்க வா."

ஈரத் துணியால் ஜன்னல் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். தெருக்கோடியில் மஞ்சள் சட்டையும் கவசமுமாக ஓர் ஆள் திரும்பினார். நல்ல வெளிச்சம். முகத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. புருவம்கூட நரைத்திருந்தது. வீட்டு வாசலுக்கு நேராக வந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, வாய் கொள்ளாமல் சிரித்து, இடது கையைத் தூக்கி ஆட்டினார். மஜெல்லாவும் ஆட்டினாள். மனுஷர் நிற்கவில்லை. மிதித்துக்கொண்டே போய்க் கடல் பக்கம் திரும்பி மறைந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் இறங்கி ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போகலாமே," என்றேன்.

"வாசப்படில கால வெச்சா வேலைலேர்ந்து வந்தாச்சுன்னு அர்த்தமாம். பயணம் முடிஞ்சிடுமாம். அதுக்கப்புறம் மறுபடி ஏறினா அது ஊர் சுத்தறதாம்."

துணியை மடித்து வைத்தாள்.

"வெளிச்சத்துல பாக்கணும்னுதானே கேட்டேன், கண்ணு? பாக்கறேன். தினம் நாலு செகண்ட்."

எனக்கு வெட்கமாக இருந்தது. சைக்கிள் என்று வாய்விட்டவள் நான்தானே? அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். அவர் முகம் நன்றாகத்தான் இருக்கிறது, நரைத்தாலும் எடுப்பாகத்தான் இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் வீட்டுக்கு இலவசமாகக் கொண்டுவந்து தருவோம் என்றதும், நாற்பது ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக இருநூறு ரூபாய்க்கு எதையெதையோ கூடையில் போட்டீர்களே, அது அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது? மார்ச் மாதக் கடைசி வாரத்தில் வரி மிச்சமாகும் என்று ஓட்டமாக ஓடிப் போய் எடுத்த பாலிசி, அது என்ன பாலிசி, எந்த வருஷம் முடிகிறது, யாருக்குக் கிடைக்கும் என்று பத்திரத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். பிரீமியம் கட்டுவதற்காக சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறீர்களா இல்லையா?

நான் அப்படி இல்லை என்கிறீர்கள். நல்லது, நம்புகிறேன். ஆனால் ஒன்று. இந்தப் புத்தகத்தில் நடுவில் எங்கேயோ உங்களுக்குக் கொட்டாவி வந்தது. மூடி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தீர்கள். காசு கொடுத்து வாங்கியாயிற்றே, அதுவும் கண்காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடியில் என்று கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. எழுந்து போய் என்னவென்று கேளுங்கள்.